சுண்ணாம்பு தேய்க்காத கலயம்

பத்து வருஷம் இருக்கும். நாகர்கோவிலில் ஓர் இலக்கியக் கூட்டம் முடிந்து வாசலில் டீ குடித்துக்கொண்டு நின்றபோது, நான் எழுதிய கதை ஒன்றை மூத்த எழுத்தாளர் ஒருவரிடம் கொடுத்தேன். பனையேறியான என் பாட்டாவைப் பற்றிய கதை, இருபது பக்கம். அடுத்த வாரமே படித்துவிட்டுப் போன் செய்தார். முகம் தெரியாத பையனின் கதைக்கு அவ்வளவு செய்தது அவருடைய பெருந்தன்மை. "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இன்னும் நொதிக்கணும். அப்படியே விட்டுருங்க. தானா நொதிச்சு வரும்" என்றார்.

அப்படியே விட்டேன்.

அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் வாயில் வந்தது தமிழ் விமர்சனத்தின் பொதுச் சொல். அனுபவம் நொதித்துப் படைப்பாகிறது, நொதிக்காத அனுபவம் வெறும் தகவல், இந்த நாவல் ஆசிரியருக்குள் இருபது வருடம் நொதித்திருக்கிறது என்றெல்லாம் படித்திருப்பீர்கள். நானே இரண்டு மதிப்புரைகளில் எழுதியிருக்கிறேன், இப்போது தேடிப் பார்த்தால் கூசுகிறது. ஏனென்றால் நான் பிறந்த வீட்டில், தானாக நொதிக்கவிடுவது என்றால் வேலை தெரியாதவன் செய்கிற காரியம் என்று அர்த்தம்.

பாட்டாவுக்கு அகஸ்தீஸ்வரம் பக்கம் ஒரு விளையில் பனை பாட்டம். காலையும் மாலையும் ஏறுவார். பாளையின் நுனியை ஒரு தாள் கனத்துக்குச் சீவி, கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தேய்த்துக் கட்டிவிட்டு இறங்குவார். அதில் சொட்டுவது அக்கானி. திருநெல்வேலிக்காரர்களுக்குப் பதனீர். ஒருநாள் நான் கேட்டேன், "சுண்ணாம்பு தேய்க்காம கட்டுனா என்ன பாட்டா?" பாட்டா என்னை ஒரு பார்வை பார்த்தார். "எவனாவது அப்படிக் கட்டுவானாலே? சாயங்காலம் கள்ளு. நாளைக்கு எடுத்தா காடி. நாளைக்கழிச்சு பன்னிகூடத் திங்காது."

கல்லூரியில் எனக்குக் கிடைத்தது கம்ப்யூட்டர் சயன்ஸ். உயிர்வேதியியல் பக்கம் போனதே இல்லை. வேலைக்குப் போய்ப் பல வருடம் கழித்து, பாட்டா சொன்ன அந்த மூன்று வரிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் நொதிகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, நம்முடைய விமர்சன உருவகம் எந்த அளவுக்குத் தலைகீழாக இருக்கிறது என்று தெரிந்தது.

அக்கானியில் பத்து சதவீதத்துக்கு மேல் சர்க்கரை, பெரும்பாலும் சுக்ரோஸ். குளுக்கோஸ் ஒன்றும் ஃப்ரக்டோஸ் ஒன்றும் கைகோத்த மூலக்கூறு அது. கிருமியில்லாத சுத்தமான நீரில் சுக்ரோஸைக் கரைத்து அறை வெப்பத்தில் வைத்தால், அந்தக் கை தானாகப் பிரிந்து பாதி சர்க்கரை உடைய நானூறு வருடத்துக்கு மேல் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கலயத்தில் அதே காரியம் மதியத்துக்குள் நடக்கிறது. செய்வது இன்வர்டேஸ் என்ற நொதி. காற்றிலும் பாளையிலும் பூச்சியின் காலிலும் ஒட்டி வரும் ஈஸ்ட், தன் சுவரின் வெளிப்பக்கத்தில் இதை வைத்திருக்கிறது.

நொதி என்ன செய்கிறது என்பதற்கு எங்கள் ஊர்க்காரனுக்கு வேறெங்கும் உதாரணம் தேட வேண்டாம். திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் வர மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறி இறங்க வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் இருக்கிறது. கணவாய் எந்த ஊரையும் மேலே தூக்குவதில்லை, கீழே இறக்குவதில்லை. அங்கே போக விருப்பமில்லாதவனைப் பிடித்துத் தள்ளுவதும் இல்லை. இடையில் நிற்கும் மலையின் உயரத்தை மட்டும் ஒரு பாதைக்குக் குறைக்கிறது. நொதியும் அவ்வளவுதான். எப்படியும் நடக்கக்கூடிய வினைக்கு நடுவே உள்ள ஆற்றல் மேட்டைத் தணித்துக் கொடுக்கிறது. நடக்கவே முடியாததை நடத்தாது.

சுக்ரோஸ் பிரிந்ததும் மற்ற நொதிகளின் வரிசை ஈஸ்ட்டின் உள்ளே தொடங்குகிறது. ஒவ்வொன்றும் ஒரே ஒரு படி. கடைசியில் சாராயச் சத்தும் கரியமில வாயுவும். பிறகு பாக்டீரியாக்கள் வந்து, காற்றின் உதவியோடு சாராயத்தை அசிட்டிக் அமிலமாக்குகின்றன. அதுதான் காடி. இந்த வரிசையில் 'இப்போது ருசியாக இருக்கிறது, நிறுத்துவோம்' என்று சொல்லும் நொதி எதுவும் இல்லை. சர்க்கரை தீரும்வரை ஓடும், அல்லது அதன் சூழல் கெடும்வரை ஓடும். கள் என்பது நொதித்தலின் முடிவு அல்ல. நடுவில் ஒரு மணி நேரம், அந்த நேரத்தில் யாரோ ஒருவர் வந்து கலயத்தை இறக்கியதால் நமக்குக் கிடைத்த ஒன்று.

இனி சுண்ணாம்பு. இன்வர்டேஸின் மையத்தில் இரண்டு அமிலக் குழுக்கள் உண்டு. வேலை நடக்கவேண்டுமென்றால் ஒன்று தன் ஹைட்ரஜன் அயனியை இழந்திருக்க வேண்டும், மற்றது கையில் வைத்திருக்க வேண்டும். ஒரு கை வெறுங்கை, ஒரு கையில் பொருள். நீர் லேசான புளிப்பில், பி.ஹெச் நாலரை ஐந்து என்று இருக்கும்போது இது அமைகிறது. புளிப்பு மிகுந்தால் இரண்டு கையிலும் பொருள் வந்துவிடும். காரம் மிகுந்தால் இரண்டும் வெறுங்கை. சுண்ணாம்பு நீரின் பி.ஹெச் பன்னிரண்டைத் தொடும். அந்த இடத்தில் இன்வர்டேஸ் வேலையை நிறுத்துகிறது, புரதத்தின் மடிப்பும் குலைகிறது, ஈஸ்ட்டும் தலையெடுப்பதில்லை. சுண்ணாம்பு ஏன் வேலை செய்கிறது என்று பாட்டாவுக்குத் தெரியாது. எவ்வளவு தேய்த்தால் செய்யும் என்பது விரலுக்குத் தெரியும். சித்திரை வெயிலில் கூடுதலாகத் தேய்ப்பார். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் நொதியின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு, நொதி குலையும் வெப்பம் வரும்வரை. அதன் பிறகு அடுப்பு பார்த்துக்கொள்ளும். பாட்டி அக்கானியை வார்ப்பில் ஊற்றிக் கொதிக்கவைக்கும்போது, சுண்ணாம்புக்குத் தப்பிய நொதிகள் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி குலைந்துபோகும்.

சுண்ணாம்பு குறைந்துபோனால் கள்ளாகும் என்பது மட்டுமல்ல தொல்லை. பாதி பிரிந்த சர்க்கரை கெட்டிப்படாது. கருப்பட்டி சிரட்டையில் ஊற்றினால் உறையாமல் பிசுபிசுவென்று கிடக்கும். "இன்னைக்கு சுண்ணாம்பு கொறஞ்சிட்டுது போல" என்று பாட்டி முணுமுணுப்பாள், பாட்டா காது கேட்காதவர் மாதிரி இருப்பார். அரசாங்கத்துக்கும் அந்தச் சுண்ணாம்பு முக்கியம். 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. அக்கானிக்குத் தடையில்லை. அதே மரம், அதே பாளை, அதே கலயம். குற்றத்துக்கும் பிழைப்புக்கும் நடுவில் இருப்பது கலயத்தின் உள்பக்கம் ஒரு விரல் பூச்சு.

பாட்டாவின் கலயத்தில் இருந்த இந்த ஒரு நொதியிடமிருந்துதான் உலகமும் பாடம் படித்திருக்கிறது. கோபன்ஹேகனில் சோரன்சன் 1909இல் பி.ஹெச் என்ற அளவையை உண்டாக்கியது நொதிகளை ஆராயத்தான், அவர் எடுத்துக்கொண்டவற்றில் இன்வர்டேஸ் ஒன்று. 1913இல் பெர்லினில் மிக்கேலிஸும் மாட் மென்டனும் எழுதிய, இன்றுவரை எல்லா மாணவரும் படிக்கும் வேகச் சமன்பாடு இன்வர்டேஸைப் பற்றியது. அந்தச் சமன்பாடு சொல்வதில் ஒன்று எனக்குப் பிடித்தது: சர்க்கரையைக் கூட்டிக்கொண்டே போனால் வேகம் கூடும், ஆனால் ஓர் எல்லை வரைதான். எல்லா நொதி மூலக்கூறுக்கும் கை நிறைய வேலை வந்தபின், மேலும் சர்க்கரை கொட்டிப் பயனில்லை. சர்வரில் இருபது த்ரெட் இருந்தால் இருபத்தோராவது கோரிக்கை வரிசையில்தான் நிற்கும். எழுத்தாளனுக்கு அனுபவம் அதிகமாக அதிகமாக எழுத்து பெருகும் என்று நம்புகிறவர்கள் இதை யோசிக்கலாம்.

1897இல் புக்னர் ஈஸ்ட்டை மணலோடு சேர்த்து அரைத்து, உயிருள்ள செல் ஒன்றுகூட இல்லாத சாற்றை எடுத்தார். அந்தச் சாறு சர்க்கரையை நொதிக்க வைத்தது. அதுவரை நொதித்தல் உயிரின் மர்மம் என்று இருந்த நம்பிக்கை அன்றோடு போயிற்று. தமிழ் இலக்கிய விமர்சனத்தில் இன்னும் போகவில்லை. நொதித்தல் என்று நாம் சொல்லும்போது, பெயரில்லாத ஓர் உள்ளாற்றல் எழுத்தாளனின் தலையீடு இல்லாமலே எல்லாவற்றையும் நல்லதாக ஆக்கிவிடும் என்று சொல்லாமல் சொல்கிறோம். காலத்தின் மேல் பாரத்தைப் போடுவதற்கு அழகான சொல் கிடைத்திருக்கிறது.

இந்தச் சொல்லுக்கு இங்கிலீஷில் ஒரு பெரியப்பா உண்டு. டி.எஸ். எலியட் 1919இல் எழுதிய 'மரபும் தனித்திறனும்' கட்டுரை. ஆக்சிஜனும் சல்ஃபர் டையாக்சைடும் இருக்கும் அறையில் பிளாட்டினத் துண்டு ஒன்றை வைத்தால் இரண்டும் சேர்ந்து அமிலமாகும். பிளாட்டினம் மாறாது, அதன் சுவடு அமிலத்தில் இருக்காது. கவிஞனின் மனம் அந்தப் பிளாட்டினம் என்கிறார். தமிழில் 'எழுத்தாளன் ஒரு வினையூக்கி' என்று நாம் எழுதுவதெல்லாம் இங்கிருந்து வந்ததுதான். எலியட் அந்த அமிலத்துக்குச் சொல்லும் பெயர் சல்ஃப்யூரஸ். அது வர பிளாட்டினம் வேண்டாம், சல்ஃபர் டையாக்சைடைத் தண்ணீரில் கரைத்தாலே போதும். பிளாட்டினம் தேவைப்படுவது சல்ஃப்யூரிக் அமிலத்துக்குப் போகும் வழியில். கவிஞரை இதற்காகப் பெஞ்சில் ஏற்ற வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தொழிற்சாலைகளில் பிளாட்டினம் மாறாமல் இருந்ததா என்றால், அதுவும் இல்லை. வாயுவில் கொஞ்சம் ஆர்செனிக் இருந்தாலே அது விஷமேறிச் செயலிழந்துவிடும் என்பது அந்தக் காலத்து ஆலைக்காரர்களின் பெரிய தலைவலி.

நொதியும் வினையூக்கிதான். ஆனால் எலியட்டின் பிளாட்டினத்துக்கும் அதற்கும் வெகுதூரம். பள்ளியில் நமக்குச் சொன்னது பூட்டும் சாவியும். எமில் ஃபிஷர் 1894இல் சொன்ன உவமை, அவர் பார்த்ததிலும் ஈஸ்ட்டின் நொதி ஒன்று. ஒவ்வொரு நொதியும் ஏன் குறிப்பிட்ட மூலக்கூறை மட்டும் தொடுகிறது என்பதை விளக்க அது போதும். எங்கள் வகுப்பில் பூட்டையும் சாவியையும் படம் வரைந்து ஐந்து மதிப்பெண் வாங்கினோம். ஆனால் பூட்டு மாறாது, அதுதான் அந்த உவமையின் கோளாறு. 1958இல் கோஷ்லாண்ட் வேறு விதமாகச் சொன்னார்: மூலக்கூறு வந்து அமரும்போது நொதி அதற்கேற்ப வளைகிறது. கையுறைக்குள் கை நுழைவதுபோல. வேலை முடிந்ததும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. கணக்கில் மாற்றமில்லை, நடுவில் மாறியிருக்கிறது. சூடு பட்டால் குலையும், சுண்ணாம்பு பட்டால் குலையும், தான் தொடும் மூலக்கூறைப்போலவே தோற்றமுள்ள பொய்யான மூலக்கூறு வந்து அமர்ந்தால் வேலையின்றி நிற்கும். தான் இருக்கும் நீரின் புளிப்பை நம்பி வாழும் பொருள் அது. எழுத்தாளனுக்கு உவமை வேண்டுமென்றால் பிளாட்டினத்தைவிட இது மேல் என்று நினைக்கிறேன்.

ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' எனக்கு இதைச் சொல்லித்தருகிறது. 1964இல் வந்த நாவல். நாஞ்சில் நாடு என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அது நடக்கும் விளவங்கோட்டுப் பக்கம் கறாராகப் பார்த்தால் நாஞ்சில் நாட்டில் வராது. பேச்சும் வேறு. பழம்பெருமை கரைந்துகொண்டிருக்கும் ஒரு வீடு, வயது வந்ததும் உள்ளே அடைக்கப்படும் லிஸி, பனையேறியான தங்கராஜ். ஒரே சாதிக்குள்ளேயே ஏறுகிறவனுக்கும் ஏறாதவனுக்கும் நடுவே இருக்கும் சுவர். ஆசிரியர் திருவனந்தபுரத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்தவர். எலியட் சொல்லும் ஒதுங்கிய மனம் எப்படியிருக்கும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் நாவலில் கதைசொல்லி ஒதுங்கவில்லை. அந்த வீட்டைக் கேலி செய்கிறார், லிஸிக்காக மனம் கனக்கிறார், பேச்சுமொழி வரும் இடத்தில் தன் எழுத்துமொழியையும் அதன் பக்கம் கொஞ்சம் சாய்த்துக்கொள்கிறார். பொருளைத் தொடும்போது வளைகிற கை அது.

இன்னொன்று, அவர் நிறுத்துகிறார். பெரிய குடும்பக்கதைக்கு வேண்டிய எல்லாச் சரக்கும் அதில் இருக்கிறது. மூன்று தலைமுறைக்கு இழுத்திருக்கலாம். மெலிந்த நாவலாகவே முடித்துவிட்டார். அதை மதிப்பிட வந்தவர்கள் 'எளிமை', 'நேரடித்தன்மை' என்று சொல்லிக் கடந்து போகும்போது, அந்த எளிமைக்குப் பின்னால் இருக்கும் சுண்ணாம்பைப் பார்க்கத் தவறுகிறார்கள் என்று எனக்குத் தோன்றும். இனிப்பு இனிப்பாகவே இருக்க ஒருவர் வேலை செய்திருக்கிறார்.

அப்படியென்றால் எழுத்து என்பது நிறுத்துவது மட்டும்தானா என்று ஒரு நண்பன் கேட்டான். இல்லை. அதற்கும் எங்கள் ஊரில் பதில் உண்டு, மரச்சீனிக்கிழங்கு. அதில் லினமரின் என்ற பொருள் செல்லின் உள்ளறையில் இருக்கிறது, அதை உடைக்கும் லினமரேஸ் என்ற நொதி செல்லின் சுவரில். முழுக்கிழங்கில் இரண்டும் சந்திப்பதில்லை. வெட்டினால் சந்திக்கும், சயனைடு வெளிவந்து காற்றிலும் நீரிலும் போய்விடும். முழுக்கிழங்கை நேரே கொதிநீரில் போட்டால் முதலில் சாவது நொதி. உடைக்க ஆளில்லாமல் நஞ்சின் மூலப்பொருள் பெருமளவு கிழங்கிலேயே தங்கும். அதனால்தான் சின்னதாக நறுக்குவதும், ஊறவைப்பதும், வேகவைத்த நீரை வடித்துக் கொட்டுவதும். கசப்புக்கிழங்கு என்றால் இரண்டு தடவை கொட்டுவாள் பாட்டி. இங்கே நொதிக்கு நேரம் கொடுக்க வேண்டும், அக்கானியில் கொடுக்கக் கூடாது. எதற்கு எது என்று தெரிந்த ஒரு மனுஷி ஒரே அடுக்களையில் இரண்டையும் செய்தாள். 'நொதிக்கட்டும்' என்ற ஒரே மருந்தை எல்லாருக்கும் எழுதித்தரும் விமர்சகரிடம் இல்லாதது இந்த வித்தியாசம்தான். வந்திருக்கும் கதை அக்கானியா கிழங்கா என்று அவர் பார்ப்பதில்லை.

என்னுடையது அக்கானி.

போன மாதம் பழைய ஹார்ட் டிஸ்கில் அந்த இருபது பக்கத்தைத் தேடி எடுத்தேன். எழுத்து ஒன்றும் பிரமாதமில்லை, அவர் சொன்னதில் பாதி சரி. பாட்டாவை நான் தேவைக்கு அதிகமாகப் புகழ்ந்திருந்தேன். ஆனால் ஆறாம் பக்கத்தில் பாட்டா மரத்துக்கு மரம் பேசுகிற பேச்சு இருந்தது. அதில் நாலைந்து சொல்லுக்கு இப்போது எனக்கே அர்த்தம் தெரியவில்லை. இந்தப் பத்து வருடத்தில் பாட்டா போனார், இரண்டு வருடம் கழித்துப் பாட்டியும். நான் பெங்களூரில் இருந்தேன். கதை தானாக நொதித்துக்கொண்டிருக்கிறது என்று நம்பினேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டு எழுதியிருக்கலாம். அவசரம் என்று தோன்றியதே இல்லை.

பதினொன்றாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் பாதியில் கோடு போட்டு விட்டிருந்தது. சுண்ணாம்பைப் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறும் சின்னக் கொட்டானுக்குப் பாட்டா ஒரு பெயர் சொல்வார். எழுதும்போது அது ஞாபகம் வரவில்லை. அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று கோடு போட்டிருக்கிறேன். அம்மாவிடம் கேட்டேன். "ஏதோ சொல்லுவாரு மக்கா, வாயில நிக்குது" என்றாள். மறுநாளும் கேட்டேன், நிற்கவில்லை.

ஊருக்குப் போனபோது, இன்னும் ஏறுகிற ஒருவரைத் தேடிப்போய் விளையில் பார்த்தேன். அறுபது வயதிருக்கும். கீழே இறங்கி வந்து, கலயத்தைச் சாய்த்து ஒரு டம்ளர் அக்கானி தந்தார். அடியில் சுண்ணாம்பு மங்கலாகத் தெரிந்தது. அவர் இடுப்பில் தொங்கியதைக் காட்டி, இதுக்கு என்ன பேரு அண்ணாச்சி என்றேன். குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இதா? பெயிண்ட் டப்பா தம்பி."